மேல் மனையில் இரண்டு குழி

இருபத்திரண்டு வருஷ இல்லறத்தில் ஒரே ஒரு தடவையாவது சியாமளாவை ஜெயித்துவிடுவது என்று பாஷ்யம் முடிவு கட்டினார். அதுவும் சும்மா வாயால் இல்லை. மிஷின் வைத்து.

சண்டை ஒரு மனைக்காக. கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்கு ரிட்டயர் ஆக ஐந்து வருஷம் இருக்கும்போது சொந்த வீட்டுக் கிறுக்கு பிடிக்கும். பாஷ்யத்துக்கு 1999 தை மாசம் பிடித்தது. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு குன்றை வெட்டி, படிப்படியாகச் சமன் பண்ணி, மனை போட்டிருந்தார்கள். எல்லாம் விற்று, உச்சியில் ஒன்றும் அடிவாரத்தில் ஒன்றும்தான் மிச்சம்.

உச்சி மனையில் போய் நின்றார் பாஷ்யம். நின்றவர் நின்றவர்தான். சவுக்குத் தோப்புக்கு மேலே அவ்வளவு கடல். ஆபீஸ் ஸ்டோர் ரூமில் இருபத்தாறு வருஷமாகச் சுவரைப் பார்த்தே உட்கார்ந்த மனுஷன். கண்ணில் தண்ணியே வந்துவிட்டது. இங்கே பால்கனி, பால்கனியில் ஈசி சேர், கையில் காபி. அவ்வளவுதான், அவருக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

சியாமளா கடலைப் பார்க்கவே இல்லை. வேலிக் கல்லைப் பார்த்தாள்.

"ஏன்னா, இந்தக் கல்லெல்லாம் ஏன் கீழ்ப்பக்கமா சாஞ்சிருக்கு?"

"நட்டவன் அப்படி நட்டிருக்கான்."

"எட்டுக் கல்லையுமா?"

"கடல்காத்துடி. தள்ளித் தள்ளி சாஞ்சிருக்கும்."

"காத்து கடல்லேர்ந்துன்னா வரது? அப்போ மேல்பக்கமான்னா சாயணும்?"

பாஷ்யம் மறுபடியும் கடலைப் பார்க்கத் திரும்பினார். பின்பாதியை வெட்டின மண்ணைத்தான் முன்பாதியில் கொட்டி மட்டம் பண்ணியிருக்கிறார்கள், போன மழையிலேயே அது நகர ஆரம்பித்துவிட்டது என்றாள் அவள். அடிவார மனையே போதுமாம். இங்கே கட்டினால் ஒரு ஐப்பசியில் பால்கனி, ஈசி சேர், காபி எல்லாவற்றோடும் அவரே அங்கே வந்து சேர்ந்துவிடுவாராம். அடிவாரத்திலிருந்து பார்த்தால் எருமை தெரியும். கடல் தெரியாது.

"மண்ணை டெஸ்ட் பண்ணிடுவோம். டெஸ்ட் சொல்றதுதான் முடிவு" என்றார் பாஷ்யம். அவள் உடனே சரி என்றாள். அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

மனையின் பின்பக்கம் மூலையில் பாறை லேசாகத் தலைநீட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்த்து வைத்திருந்தார். மண் பரிசோதனை செய்யும் மோசஸைத் தனியாகப் போய்ப் பார்த்து, ஒரே குழி, அதுவும் நான் காட்டுகிற இடத்தில் என்று சொல்லிவிட்டு வந்தார். மோசஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாராம். பாஷ்யம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மனையில் ஆள் உயரத்துக்கும் மேலே மூன்று இரும்புக் காலோடு முக்காலி நின்றது. உச்சியில் கப்பி, கப்பியில் கயிறு, கயிற்றில் அறுபத்து மூணரை கிலோ இரும்புக் குண்டு. அதை இழுத்துத் தூக்கி, கீழே இருக்கும் குழாயின் தலையில் போட வேண்டும். குழாய் ஓரடி இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ண வேண்டும். கணக்கு இவ்வளவுதான். நிறைய அடி வாங்கினால் நல்ல மண்.

ஆறடி ஆழத்தில் குழாய் நின்றுவிட்டது. டங் என்று குண்டு விழுந்தது. குழாய் அசையவில்லை. ஐம்பது அடி போட்டார்கள். அரை அங்குலம். அந்தச் சத்தம் செருப்புக்குள் புகுந்து முழங்கால் வரைக்கும் ஏறியது. பாஷ்யத்துக்கே புல்லரித்தது. எத்தனை யுகமாக இந்தப் பாறை இங்கே ஆடாமல் கிடக்கிறது. அதன் மேல் தான் காபி குடிக்கப் போகிறோம்.

சியாமளா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்னா, நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

பாஷ்யத்துக்குத் தலை சுற்றியது. இந்த வார்த்தையை அவர் அவள் வாயிலிருந்து கேட்டதே இல்லை. அவள் இன்னும் பேசினாள். இவ்வளவு கெட்டியாக இருந்தால் அஸ்திவாரம் எப்படித் தோண்டுவார்கள் என்று கவலைப்பட்டாள். முன்பக்கமும் இப்படித்தானே இருக்கும், பால்கனிக்குத் தூண் வைக்கவே வெடி வைக்க வேண்டுமோ என்றாள்.

"பின்னே? இந்தக் குன்றே ஒரே பாறைடி" என்றார் பாஷ்யம். நெஞ்சு ஒரு சாண் முன்னால் வந்திருந்தது. "மோசஸ், முன்னாடியும் ஒண்ணு போடுப்பா. அம்மா கண்ணால பாக்கட்டும்."

மோசஸ் முக்காலியை நகர்த்தினார்.

பால்கனி வரப்போகிற இடத்தில் குழாயை நிறுத்திக் குண்டை மேலே வைத்தார்கள். அடிக்கவில்லை, வைத்தார்கள். அந்தப் பாரத்துக்கே குழாய் சர்ரென்று ஒரு முழம் இறங்கியது. அப்புறம் ஓரடி இறங்க இரண்டே அடி வாங்கியது. அடுத்த ஓரடிக்கும் இரண்டே அடி. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. பத்தடியில் குழாயை மேலே இழுத்து, திருகு மூடியைக் கழற்றி, முருங்கைக்காய் மாதிரி இரண்டாகப் பிளந்து காட்டினார் மோசஸ். ஈர மண். ஒரு ஓட்டுச் சில்லு. பால் கவர் துண்டு ஒன்று, அதில் நீல எழுத்துகூட அழியவில்லை.

பாஷ்யம் அந்தக் கவரை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தடிக்குக் கீழே பால் கவர். தான் அன்றைக்குக் கண்கலங்கி நின்ற இடம் இதுதான். அவர் கால் தானாகவே இரண்டு எட்டு பின்னால் வைத்தது, பாறைப் பக்கமாக. பிறகு சியாமளாவைப் பார்த்தார். எட்டுக் கல்லை ஒரு தடவை பார்த்துவிட்டு, பத்தடி ஆழத்தில் இருப்பதைச் சொன்னவள். கடலைப் பார்த்தபோதுகூட அவருக்கு இவ்வளவு பிரமிப்பு வரவில்லை. இதுதான் உண்மை.

"கீழ் மனையையே முடிச்சுடலாம்" என்றார்.

"உங்க இஷ்டம்ன்னா" என்றாள் சியாமளா. அடிவாரத்தை அளந்து பார்க்கக் குடையோடு இறங்கிப் போனாள்.

பாஷ்யம் மெதுவாக மோசஸ் பக்கத்தில் வந்தார். அவருக்கு ஒரு சந்தேகம். பேசினது ஒரு குழிக்குத்தானே, பாறை வந்ததும் முக்காலியைப் பிரித்து வண்டியில் ஏற்றாமல் ஏன் அப்படியே நிற்க விட்டிருந்தாய் என்று கேட்டார்.

மோசஸ் குழாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அம்மா நேத்தே போன் பண்ணிட்டாங்க சார். ரெண்டாவது குழிய சாரே போடச் சொல்லுவாரு, அதுவரிக்கும் பிரிக்காதன்னு."