பிளஷர் பாயும் நாலு பிளக்கும்

மோட்டார் கார் என்ற ஒன்றைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை, ஏறுகிற மனிதனைவிட ஏற்றுகிற வண்டிக்கு அதிக மரியாதை கொடுத்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் திண்டுக்கல்லில் இருந்தார். எனக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆகிறது. இன்னும் அவரை நான் மன்னிக்கவில்லை.

அவருடைய பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. பிளஷர் பாய் என்றால் தபால்காரர்கூட நேராகப் பேகம்பூருக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்துவிடுவார். வாடகைக் காரைப் பிளஷர் என்று சொன்ன காலம் அது. அந்தச் சொல்லுக்கு இங்கிலீஷில் இன்பம் என்று அர்த்தமாம். யாருக்கு இன்பம் என்று கேட்கிறேன்!

கார் ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து காப்பித் தோட்டக்காரருக்கும், அவரிடமிருந்து ஒரு தோல் வியாபாரிக்கும் போய், எல்லோரும் கைகழுவிய பிறகு பாயிடம் வந்தது. மைல் காட்டும் எண்கள் ஓடி ஓடி முடிந்து, ஒருநாள் மறுபடியும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டன. "வண்டி புதுசாயிருச்சுல்ல!" என்று பாய் அன்றைக்குத் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

திண்டுக்கல்லில் என்ன பெரிய குளிர் என்று மலைமேல் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் மார்கழி, தையில் இங்கே விடியலைப் பார்த்ததில்லை. சிறுமலையிலிருந்து இறங்கும் பனி, கோட்டைப் பாறையின் தோளில் கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு வாங்கும். பிறகு தெருத்தெருவாகப் புகுந்து யாரையோ தேடும். யாரைத் தேடும்? பாயின் காரைத்தான். மனிதர்களை அது சும்மா தொட்டுவிட்டுப் போகும். காரைப் பிடித்தால் விடாது.

அதற்குப் பாய் செய்த பணிவிடைகளைத் தன்னைப் பெற்றவர்களுக்கு ஒருவன் செய்திருந்தால் ஊரே கும்பிடும். இருந்த ஒரே கம்பளி காருக்கு, பாய்க்குச் சாக்கு. பேட்டரி அடுப்படியில் தூங்கும். காலையில் ரேடியேட்டருக்கு இரண்டு கெட்டில் வெந்நீர். எல்லாவற்றையும்விட மேலானது பிளக் சமாசாரம். எஞ்சினுக்குள் பொறி தட்டும் அந்த நாலு பிளக்கையும் பொழுது சாய்ந்ததும் கழற்றித் துடைத்து, தன் பச்சை பெல்ட்டின் பைக்குள் செருகி, இடுப்பில் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். காலையில் சூடு ஆறாமல் எடுத்து மாட்டுவார்.

"குளுந்த பிளக்குல பொறி வராது அப்பு," என்பார். "நமக்கே பல்லு கிட்டிக்கிட்டு நிக்கிது. அது மட்டும் எப்படி வாயத் தொறக்கும்?"

இத்தனைக்கும் பிறகு கார் கிளம்பாது. அப்போது பாயின் சட்டம் வரும். "ஏறுறவுகதான் தள்ளணும். வேத்தாள் கை பட்டா வண்டிக்குப் பிடிக்காது." உதவிக்கு வந்தவர்களை விரட்டியே விடுவார். வேடசந்தூருக்குப் போக வந்த மில் அதிகாரி ஒருவர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ளியதை நானே கண்ணால் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சிரித்தது தப்பு.

ஒரு தை மாதம், தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலில் எனக்குக் கல்யாணம். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் பாலசமுத்திரத்தில் பயிர் வைக்கும் சம்சாரி, ஏற்றம் இறைத்த தோள்கள். பெண் பார்க்கப் போனபோது என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, என் தாய்மாமாவிடம்தான் கேட்டார்: "ஏனுங்க, உங்க பையன் கவிதையெல்லாம் எழுதுவாருன்னு சொன்னீங்க. சரி. ஒரு மூட்டை தூக்குவாருங்களா?" மகள் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து சம்மதம் வாங்கினாள். அதிலும் ஒரு நிபந்தனை. "நேரத்துக்கு வந்து சேரோணுமுங்க. முகூர்த்தம் தப்புச்சுன்னா எம்பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஊரு போயிருவேன்."

பெரிய முகூர்த்த நாள். ஊரில் இருந்த எல்லாக் காரும் பேசி முடிந்துவிட்டது. மிச்சம் பாய்தான். உறவினர்கள் முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். நானும் மாமாவும் மட்டும் விடியற்காலை காரில் போவதாக ஏற்பாடு. எங்கள் தெரு சரிவானது என்பதால், மாலையிலேயே பாய் காரை எங்கள் வாசலில் நிறுத்திக் கம்பளியைப் போர்த்தினார். பேட்டரியையும் பிளக்கையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஐந்தரைக்கு வந்தார். சைக்கிள் கேரியரில் பேட்டரி, கையில் கெட்டில், வெள்ளைச் சட்டை, தலையில் புதுத் தொப்பி, இடுப்பில் பளபளவென்று புது பெல்ட். சீட்டுக்கு அடியில் பேட்டரியை மாட்டி, வெந்நீரை ஊற்றி, முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினார். எப்போதும் யானையை எழுப்புகிற மாதிரி முக்கிச் சுற்றுகிற ஹேண்டில், அன்று தயிர் கடைகிற மத்துப்போலச் சுழன்றது.

"பாத்தீகளா தம்பி! எம்புட்டு லேசாச் சுத்துது! கல்யாணம்னு அதுக்கும் தெரிஞ்சுபோச்சு!"

சுற்றியது, கிளம்பவில்லை. பாய் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"யோவ் பாய், மாப்பிள்ளைய்யா அவன்!" என்று மாமா கத்தினார்.

"ஏறப் போறது அவருதானே?"

பட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். மாலை கழுத்தில் ஆட, நெற்றிப் பொட்டு வேர்வையில் வழிய, தள்ளினேன். மாமா பக்கத்தில் தள்ளினார். அதாவது காரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சரிவு முடிந்தது. தாடிக்கொம்பு ரோடு வந்தது. பனிக்குள் இருந்து புளியமரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, என்னைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போயின. எஞ்சினுக்குள்ளிருந்து புஸ், புஸ் என்று காற்று வந்தது.

"மூச்சு விடுது! கேட்டீகளா? இன்னுங் கொஞ்சம்!" பாய் உள்ளே உட்கார்ந்துகொண்டு உற்சாகப்படுத்தினார்.

ஒரு மைல். முழுசாக ஒரு மைல். கிழக்கு வெளுத்துவிட்டது. என் மனக்கண்ணில் மாமனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். பின்னால் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாய் இறங்கி வந்து, பானெட்டைத் திறந்து, குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. கை மட்டும் மெதுவாக இடுப்புக்குப் போயிற்று.

"தம்பி... பெல்ட்ட மாத்திட்டேன்."

பிளக் இருக்க வேண்டிய இடத்தில் நாலு ஓட்டை. ஹேண்டில் லேசாகச் சுற்றியது அதனால். புஸ் புஸ் என்றது அதனால். என் கல்யாணத்துக்கு அழகாக வர வேண்டுமென்று, அடைகாத்த பெல்ட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் புதுசைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஓட்டைப் பானைய ஒரு மைலு தள்ள விட்டிருக்கியேய்யா!" மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது பின்னால் ஜட்கா சத்தம். வண்டி நிற்பதற்குள் பாயின் மனைவி குதித்தார். முந்தானையில் சுற்றி, வயிற்றோடு அணைத்தபடி பழைய பெல்ட்.

"படுத்த பாயச் சுருட்டுறேன், அடியில பெல்ட்டு கெடக்குது! என்னைய நிக்காஹ் பண்ண வந்தப்ப செருப்ப மறந்தாக. இன்னைக்கு இது," என்றவர் என் பக்கம் திரும்பினார். "தொட்டுப் பாருங்க தம்பி, சூடு ஆறலை."

ஜட்காவிலேயே போய்விடலாம் என்றார் மாமா. அந்தக் குதிரைக்குக் காரைவிட வயது அதிகம். பாய் நாலு பிளக்கையும் முறுக்கி ஹேண்டிலை ஒரே சுற்று. கார் தும்மியது, இருமியது, கிளம்பியது.

கோயில் வாசலில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். ஏழே கால். காலடியில் பெட்டி. என் வேட்டியில் சேறு, முழங்கை வரை கறுப்பு, தைக் குளிரில் தொப்பலாக வேர்வை. அவர் வாயைத் திறப்பதற்குள் பாய் இறங்கி ஓடினார்.

"கோவப்படாதீகய்யா. தப்பு என் மேல. ஆனா உங்க மாப்பிள்ளை ஒத்த ஆளா ஒரு மைலு இதத் தள்ளியாந்திருக்காரு. மாமா சும்மா கைய வச்சுக்கிட்டு வந்தாக."

"அடப்பாவி!" என்றார் மாமா.

"நெசமாங்களா?" என்றார் மாமனார். நேராகக் காரின் பின்னால் போனார். இரண்டு கையையும் ஊன்றி, ஏற்றம் இறைத்த தோளைக் கொடுத்துத் தள்ளினார். கார் அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினார். அசையவில்லை. திரும்பி வந்து என் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை," என்றார்.

பாய் இறங்கி ஓடியபோதே முன்சக்கரங்களுக்கு முன்னால் காலால் இரண்டு கல்லை உருட்டிவிட்டிருந்ததை நான் ஒருவன்தான் பார்த்தேன். பாய் என்னைப் பார்க்காமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பாலசமுத்திரத்தில் இன்றைக்கும் நான்தான் காரைத் தள்ளிய மாப்பிள்ளை. மாமனார் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். பாய் போய் நாலு வருஷம் ஆகிறது. மன்னிக்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதில் மாற்றம் இல்லை.

ஆனால் தை பிறந்து, விடியலில் தெருவில் யாருடைய காராவது கிளம்பாமல் இருமினால், என் கை தானாக வேட்டியை மடித்துக் கட்டிவிடுகிறது. "வேத்தாள் கை படக் கூடாதாம்," என்று உள்ளேயிருந்து என் மனைவி நினைவுபடுத்துகிறாள். அதற்குள் நான் வாசலைத் தாண்டியிருப்பேன்.