நான் ஒழுங்குபடுத்திய கயிறுகள்

தொங்கிக்கொண்டிருக்கும் கயிற்று நுனியைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். ஊறுகாய் பாட்டிலிலிருந்து புது விளக்குமாறு வரை தேதி எழுதி ஒட்டுகிற ஆள் நான். ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு எப்போது தார் போட்டார்கள், அதை எப்போது மறுபடி தோண்டினார்கள் என்று கேட்டால் உடனே சொல்வேன். (யாரும் கேட்பதில்லை.) இப்படிப்பட்ட ஒருத்தி கையில் பாய்மரப் படகு கிடைத்திருக்கக் கூடாது.

யாரும் கொடுக்கவில்லை; நானே தேடிப் போய் வாங்கியதுதான். திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் என்னோடு வேலை பார்த்த ஜபீனாவும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கிய பழைய சிறிய படகு. எண்ணூர் கழிமுகத்தில் எங்களைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியங்கள் சிலர் படகு வைத்திருந்தார்கள். காலைப் பூசை முடிந்ததும் பிள்ளையை மாமனார் மாமியாரிடம் விட்டுவிட்டு நான் அங்கே ஓடிவிடுவேன். கணவருக்குப் பேசின் பிரிட்ஜில் ரயில்வே வேலை. கிழமை பார்க்காத ட்யூட்டி.

ஒரு செப்டம்பர் மாதம் அத்தை, அதாவது என் மாமியார், தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"தண்ணி மேல போறது இன்னா வெளாட்டா? ஒண்ணு பண்ணு. வர்ற ஞாயித்துக்கெயம இவர இட்டுனு போ. சட்ட நனையாம இட்டாந்தீனா அப்பால நான் வாயே தொறக்கல. நனஞ்சிச்சின்னா உன் பங்க அந்தப் பொண்ணுக்கே குட்த்துட்டு வூட்ல இரு."

"நடுவுல நான் இன்னாடி பண்ணேன்?" என்றார் மாமா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். வேலை செய்த காலமெல்லாம் தண்ணீரை மேலேயிருந்து பார்த்தவர். ஒருமுறைகூடப் படகில் கால் வைத்ததில்லை.

படகு என் கையைவிட்டுப் போய்விடக் கூடாது. எனவே சனிக்கிழமையே போய், பூமில் எல்லாக் கயிறுகளையும் புதிதாக மாட்டினேன். பூம் என்பது பாயின் அடியில் கிடைமட்டமாக நிற்கும் கழி. பாயின் அடிப்பக்கத்தை இழுத்து விறைப்பாக்க அதில் ஒரு கயிறு உண்டு. கழி மேலே எழும்பாமல் பிடிக்க இன்னொன்று. முக்கியமானது, பலத்த காற்றில் பாயைச் சுருக்கும் கயிறு. அது கழியின் கடைசியில் கிளம்பி, மேலே பாயின் ஓரத்திலுள்ள துளைக்குள் நுழைந்து, மறுபக்கம் இறங்கி, ஒரு கப்பி வழியாக முன்னால் வரும். இழுத்துக் கட்டினால் அந்தத் துளை கழியோடு வந்து ஒட்டும். பாய் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

புத்தகங்களைப் படித்து, படங்களைப் பார்த்து, ஒரு பிழையுமில்லாமல் கோத்தேன். ஆனால் கோத்தது பாயை இறக்கி வைத்திருந்தபோது. துளை கழிக்குப் பக்கத்திலேயே கிடந்ததால் கயிறு ஏகமாக மிஞ்சி, தரையில் சுருண்டு கிடந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்று கயிறுகளையும் ஒரே நீளத்துக்கு நறுக்கினேன். நுனியில் முடிச்சுப் போட்டு, லைட்டரால் உருக்கி, கலர் டேப் சுற்றி, டேப்பில் தேதியும் எழுதினேன். பள்ளிக்கூடம் போகும் மூன்று பெண்களின் ரிப்பன் போலத் தொங்கின. படமெடுத்து படகுக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

பாய் மேலே ஏறும்போது அந்தத் துளையும் மேலே ஏறும், கயிற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும் என்ற எளிய உண்மையை எந்தப் புத்தகமும் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் மாமா வெள்ளைச் சட்டையில் வந்தார். அதற்கு மேல் அத்தை மாட்டிவிட்ட ரெயின்கோட்டு, கழுத்து வரை பட்டன். நான் பாயை ஏற்றினேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிட்டது. இழுத்தேன். ஜபீனாவும் தொங்கினாள். அசையவில்லை. மூன்று பேரும் பாய்மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தோம்.

"மேல இன்னாவோ மாட்டிகினு கீது," என்றார் மாமா, கிரேன்காரரின் தோரணையில்.

"பரவால்ல மாமா, இன்னிக்கு இது போதும்," என்று நான் சமாளித்தேன். பாயின் மிச்சத் துணி கழியோரமாகத் தூளி போலத் தொங்கியது. அப்படியே கிளம்பினோம்.

மற்றப் படகுகள் எங்களைத் தாண்டிப் போயின. பிறகு ஆகாயத்தாமரை ஒன்று தாண்டிப் போனது.

"இன்னாம்மா, கரையில நடந்து போறவங்கூட நம்மள முந்திகினு போறான்?" என்றார் மாமா.

அப்போதுதான் ஜபீனா கழியைத் தட்டினாள். "ஸ்டெல்லா, மேலயே பாத்துனு கீறியே, கொஞ்சம் கீய பாரு மே. ரிப்பன் கட்டி வெச்சியே, அந்த முடிச்சு கப்பிகிட்ட வந்து நின்னுடுச்சி. அதுக்கு மேல எங்க ஏறும்?"

பார்த்தேன். என் கையெழுத்தில் தேதியோடு முடிச்சு கப்பியில் இறுகியிருந்தது. அவிழ்க்கலாம் என்று தொட்டேன். நெருப்பில் உருகிக் கல்லாகியிருந்தது. மூழ்கிப் போகலாமா என்று யோசித்தபோது மேற்கே வானம் கறுத்தது.

காற்று ஒரே அடியாக அடித்தது, கூடவே மழை. முழுப் பாயோடு போனவர்கள் கயிறுகளைத் தேடித் தடுமாறினார்கள். இரண்டு படகுகள் சாய்ந்து விழுந்தன. (இடுப்பளவுத் தண்ணீர்தான். எழுந்து நின்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள்.) ஏற்கெனவே சுருங்கிப்போன எங்கள் பாய் மட்டும் சாதுவாகக் காற்றை வாங்கியது. படகு கொஞ்சம் சாய்ந்தது, நிமிர்ந்தது, கரையை நோக்கி நடந்தது. மாமா இரண்டு கையாலும் படகைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். படகின் அடி மணலில் உரசியபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மழையும் விட்டது. மாமா இறங்கி, பூமைப் பிடித்து நின்றுகொண்டு, ரெயின்கோட்டைக் கழற்றினார். சட்டை காலையில் இஸ்திரி போட்ட மடிப்போடு இருந்தது.

"பாரு. ஒரு சொட்டு இல்ல."

நான் ஜெயித்துவிட்டேன். அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்த முடிச்சு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

"வுடு மே, அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்றாள் ஜபீனா.

கத்தியை எடுத்து அறுத்தேன். கயிறு கப்பிக்குள் விர்ரென்று ஓடியது, துணி உதறிக்கொண்டு திறந்தது. அத்தனை நேரம் அந்தத் தூளியில் தேங்கியிருந்த மழைத் தண்ணீர் முழுவதும் மாமாவின் தலையில் இறங்கியது. அவர் அசையவில்லை. ரெயின்கோட்டு மட்டும் அவர் கையில் காய்ந்துகொண்டிருந்தது.

ஷேர் ஆட்டோவில் எர்ணாவூர் தாண்டும்வரை மாமா சட்டையைப் பிழிந்துகொண்டே வந்தார். படகில் என் பங்கு போயிற்று என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

வாசலில் அத்தை அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்."

"இரு. படகுல குந்தினு இருந்த வரைக்கும் ஒரு சொட்டு படல. காத்து அடிச்சி அவனவன் கவுந்துட்டான், இவ என்னை அலுங்காம கொண்டாந்து சேத்தா. நான் நனஞ்சது தரையில."

"தரையில நின்ன ஆளு எப்டி தலயோட நனையுவாரு?"

"மருமவ ஊத்தினா."

அத்தை என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்து முடித்து மூச்சு வாங்கிய பிறகுதான் தீர்ப்பு வந்தது.

"தண்ணி மேல ஒண்ணும் தப்பில்ல. போய்க்க. ஆனா நீ இவ பக்கத்துல நிக்காத யா."

படகு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வாசல் கழுவ நான் பக்கெட்டைத் தூக்கினால் மட்டும் மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பிறகுதான் என்னைக் கடந்து போகிறார்.