ஒரே முகத்தில் ஏழு பேர்

"எது நம்ம பொண்ணு, மாப்பிள்ளை?" திரை விலகியதுமே மச்சான் கேட்டுவிட்டார்.

லிஃப்ட் மெக்கானிக் மேடையைப் பார்த்தார். ஏழு பெண்கள், ஏழு பேருக்கும் ஒரே முகம். நிலா மாதிரி வட்டம், சேர்ந்து போன புருவம், கன்னத்தில் ஒரு மச்சம். பாரசீகத்துப் பழங்கவிதைகளையும் அவற்றுக்கு வரைந்த குட்டி ஓவியங்களையும் வைத்துச் செய்த புது பாலே அது. அந்த ஓவியங்களில் அழகிகளுக்கெல்லாம் ஒரே முகம்தானாம். வாசலில் கொடுத்த நோட்டீசில் பெயர்கள் இருந்தன. யார் எந்த வேடம் என்று இல்லை.

மகளிடம் கேட்டதற்கு, "நீயே வந்து கண்டுபிடிப்பா" என்றிருந்தாள். அவரும் கதாநாயகி வேடம்தான் என்று தானாகவே முடிவுகட்டி ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. காலை ஆட்டினால் சோறு வருமா என்று பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த மச்சானின் வாயை அடைக்கத்தான் இன்றைக்கு அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். பெற்றவனுக்கே அடையாளம் தெரியவில்லை என்றால் அந்த வாய் எப்படி அடைபடும்?

"அதோ, இடது ஓரத்துல."

மச்சான் கைபேசியில் படம் பிடித்து, 'நம்ம பொண்ணு' என்று குடும்பக் குழுவுக்கு அனுப்பினார்.

இடது ஓரத்துப் பெண் விட்டில்பூச்சி போலும். ஓடிவந்து மெழுகுவர்த்தியைச் சுற்றி விழுந்து செத்தாள். இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

"அவ்வளவுதானா?" என்றார் மச்சான். "இதுக்கா பத்து வருஷம் கத்துக்கிட்டா?"

"அது வேற பொண்ணு மச்சான். நம்ம ஆளு மாடியில, ஜாடி வெச்சிருக்கா பாருங்க."

அந்தப் படமும் போனது. ஜாடிக்காரி மாடியிலிருந்து குதித்து, பக்கத்தில் இருந்தவளை ஒரே கையால் தலைக்கு மேல் தூக்கினாள்.

மனைவி மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "என்னங்க, நம்ம வீட்டுல தண்ணிக் குடத்தைக்கூட நகத்தமாட்டா. இது ஆம்பளைங்க."

"அதான் நானும் சொல்ல வந்தேன். மெழுகுவர்த்தி பிடிச்சிருக்கா பாரு, அவ."

"அத்தை கேக்குறாங்க," மச்சான் கைபேசியைக் காட்டினார். "உனக்கு மொத்தம் எத்தனை பொண்ணுன்னு."

மெக்கானிக்குக்குக் காது சுட்டது. இரவு வேலைக்கு அவர் கிளம்பும்போது மகள் தூங்கியிருப்பாள்; முடிந்து வரும்போது பயிற்சிக்குக் கிளம்பியிருப்பாள். தூங்குகிற முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார். இங்கே எவளும் தூங்கவில்லை.

அப்போதுதான் ராஜா வந்தார். இடுப்புவரை வெள்ளைத் தாடி வைத்த கிழ ராஜா. இளமையில் காதலித்தவளைத் தேடி ஓவியத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டாராம். ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார்; எல்லாம் ஒரே முகம். இந்த ஆளுக்கும் அதே கஷ்டம்தான் என்று மெக்கானிக்குக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ராஜா தேடுவதை நிறுத்தினார். ஒற்றைக் காலில் நின்று, மறு காலை மெல்ல மெல்ல உயர்த்தி, அப்படியே இருந்தார். தாடிகூட அசையவில்லை. அரங்கத்தில் ஒரு இருமல் கிடையாது. பிறகு அந்தத் தள்ளாத வயசுக்காரர் காற்றில் எழும்பினார் பாருங்கள், மெக்கானிக்குக்குக் கை மயிர் சிலிர்த்தது. மகளைத் தேட வந்ததே மறந்துபோனது. மறந்தது நினைவுக்கு வந்ததும் அந்த ராஜா மேல் கோபம் வந்தது.

"ஆட்டம்னா இது ஆட்டம்," மச்சான் முதல் ஆளாக எழுந்து நின்று கைதட்டினார். கண் கலங்கியிருந்தது. "எவன் பெத்தானோ, கொடுத்து வெச்சவன்யா. உன் பொண்ணை இவர்கிட்ட கத்துக்கச் சொல்லு."

"கிழவன் என்ன பெரிசா பண்ணிட்டான்? கடைசியில ராஜாவைக் கை பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாளே, அவதான் நம்ம பொண்ணு. கதாநாயகி."

"நிச்சயமா?"

"பெத்தவனுக்குத் தெரியாதா?"

ஆட்டம் முடிந்ததும் மூவரும் மேடையின் பின்வாசலில் போய் நின்றார்கள். கதாநாயகி முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். மெக்கானிக் கையை விரித்தார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போய் வேறொருவரை "அப்பா" என்று கட்டிக்கொண்டாள்.

மச்சான் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். மனைவி தரையைப் பார்த்தாள். மெக்கானிக் விரித்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

உள்ளேயிருந்து ஒப்பனைக்கார அம்மா தலையை நீட்டினாள். "இங்க ராஜாவோட அப்பா யாருங்க? தாடிப் பசை விடமாட்டேங்குது, உங்க பொண்ணு இன்னும் கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லிச்சு."