மேப்பு சாரும் வெள்ளை நூலும்

அன்று கிணற்றடியில் நின்றவர்கள்: முனிசிபாலிட்டி சுகாதார இன்ஸ்பெக்டர். சாயப்பட்டறை முதலாளி. குடத்தோடு என் மனைவி கன்னியம்மா. தறியை விட்டு எழுந்து வந்த தெருக்காரர்கள் ஒன்பது பேர். நான். அப்புறம், கக்கத்தில் காகிதச் சுருளோடு மேப்பு சார்.

காஞ்சிபுரத்துக் கிணறு அத்தனையிலும் வாய் வைத்த மனிதர் அவர் ஒருவர்தான். கோயில் குளத்தைக்கூட விடவில்லை. ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, 'பாசி வாடை' என்று நோட்டில் எழுதினார். பக்கத்தில் நின்ற பெரியவர், இவர் ஏதோ ஸ்லோகம் எழுதுகிறார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சர்வே ஆபீசில் மேப்பு வரைந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் அவர் பென்சன் காகிதத்துக்கு மட்டும் தெரியும்.

என் தொழில் கிணறு தூர் வாருவது. எழுபதுகளில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று ஊரார் என்னைத்தான் கேட்பார்கள். ஒரு வாய் கொப்பளித்துத் துப்புவேன். நான் நல்லது என்றால் நல்லது. படித்தது மூன்றாம் வகுப்பு. நாக்குக்குப் படிப்பு எதற்கு?

அப்போதுதான் மேப்பு சார் கிளம்பினார். பட்டுக்குச் சாயம் போட்ட தண்ணீரைப் பட்டறைக்காரர்கள் பின்னால் குழி வெட்டி விடுவார்கள். அது மண்ணுக்குள் இறங்கி எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு பாட்டில் தண்ணீர் பிடிப்பார். அரை எலுமிச்சம்பழம் பிழிவார். வெள்ளைப் பட்டு நூல் ஒரு துண்டு அதில் போட்டு ஒரு நாள் ஊறவைப்பார். தண்ணீரில் சாயம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, பட்டுக்குத் தெரியும். நூல் நிறம் மாறும்.

கையில் எலுமிச்சம்பழம், நூல். ஊர் வேறு என்ன நினைக்கும்? ஒரு அம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"கொயந்த ராவெல்லாம் அழுவுது சாமி. ஒரு கயிறு கட்டு."

"அழுவட்டும்மா. உங்க கிணறு எத்தன அடி?"

அந்தக் குழந்தை அன்று ராத்திரி அழவில்லை. அதற்கப்புறம் அவருக்கு எந்த வீட்டிலும் தடையில்லை.

ஒரு தரம் அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் கண்ணாடியில் மெல்லிய காகிதம் ஒன்றை ஒட்டினார். அதில் தெருக்கள். அதன்மேல் இன்னொன்று, நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று. அதன்மேல் சாயக் குழிகள். எல்லாவற்றுக்கும் மேலே அந்த மாதத்துக் காகிதம். கிணறு இருக்கிற இடத்தில் எல்லாம் நனைத்த நூலை ஒட்டியிருந்தார்.

"ஒண்ணொண்ணா பாத்தா ஒண்ணும் தெரியாது ஏழுமலை. ஒண்ணு மேல ஒண்ணு வச்சாத்தான் ஊரு பேசும்."

வெயில் பின்னாலிருந்து அடித்தது. மாதத்துக்கு மாதம் அரக்கு நிறம் கிழக்கே நகர்ந்திருந்தது, வெற்றிலைச் சாறு வேட்டியில் பரவுகிற மாதிரி.

எனக்கு எரிந்தது. நான் ஒரு கிணற்றில் இறங்கினால் அந்த ஒரு கிணறு தெரியும். இவர் எதிலும் இறங்காமல் ஊரையே பார்க்கிறார்.

என்னைக் கேட்டவர்கள் அவரைக் கேட்கப் போனார்கள். வீட்டிலும் அதே கதை. மோர் எனக்குச் சின்ன தம்ளர், அவருக்குப் பெரிய தம்ளர். கன்னியம்மாவைக் கேட்டேன்.

"அவுரு ஊரெல்லாம் சுத்திக்கினு வராரு. நீ குந்திக்கினுதானே இருக்கிற?"

நான் குந்தியிருந்ததே அவரால்தான்.

அப்புறம் எங்கள் தெருப் பொதுக் கிணற்றில் கை வைத்தார். நாற்பது வீடு குடிக்கிற தண்ணீர். நல்ல தண்ணீர் என்று வாக்குக் கொடுத்தவன் நான். அதில் சாயம் வந்துவிட்டது, மூட வேண்டும் என்று முனிசிபாலிட்டிக்கு மனுப் போட்டுவிட்டார். அது மூடினால் தெருவில் என் சொல்லும் மூடியது.

ஒரு மத்தியானம் எங்கள் வாசல் கட்டிலில் அந்த மாதத்துக் காகிதத்தைக் காயப்போட்டார். மேலே ஒரு கல் வைத்துவிட்டு உள்ளே மோர் குடிக்கப் போனார். பெரிய தம்ளர். நேரம் இருந்தது. எங்கள் கிணற்று நூல் ரோஜா நிறத்தில் இருந்தது. பிய்த்தேன். பக்கத்து வீட்டுத் தறியில் வெள்ளை நூல் வாங்கி அங்கே ஒட்டினேன். பசை அவருடையதுதான்.

அவர் வந்தார். காகிதத்தைப் பார்த்தார். சுருட்டினார். போனார்.

அதை வைத்துக்கொண்டுதான் அன்று கிணற்றடிக்கு வந்தார். இரண்டு பேர் காகிதங்களை அடுக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தார்கள். சுற்றிலும் எட்டுக் கிணறு சிவப்பு. நடுவில் எங்கள் கிணறு பளிச்சென்று வெள்ளை. பட்டறை முதலாளி சிரித்தார்.

"பாத்துக்க சார். இவரு மேப்பே சொல்லுது, தண்ணி சுத்தம்னு. அப்பறம் இன்னாத்துக்கு மனு?"

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். மேப்பு சார் மெதுவாகச் சொன்னார்:

"எட்டு சேப்பு நடுவுல ஒரு வெள்ள வராது சார். மண்ணு அப்பிடி ஓடாது. என் காயிதம் தப்பா இருக்கலாம். ஏழுமலை எறங்கிப் பாக்கட்டும். அவன் சொன்னா சரி."

தெருவே என்னைப் பார்த்தது. எத்தனையோ மாதமாக நான் ஆசைப்பட்டது அந்தப் பார்வைதான். அது கிடைத்தபோது நான் காகிதத்தில் இருந்த அந்த வெள்ளை நூலைத்தான் பார்த்தேன்.

கயிற்றைப் பிடித்து இறங்கினேன். மேற்குப் பக்கம், மூன்றாவது உறை வளையத்துக்குக் கீழே, இடுக்கில் ஈரம். விரலால் தொட்டேன். அரக்கு. அண்ணாந்து பார்த்தேன். மேலே வட்டமாகத் தலைகள். நடுவில் கன்னியம்மாவின் குடம்.

ஏறி வந்தேன்.

"மேக்கால ஊறுது. சாயந்தான். மூடிருங்க."

"நீதானேபா நல்ல தண்ணின்னு சொன்ன?" என்றார் தறிக்காரர் ஒருவர்.

"சொன்னேன். தப்பு."

அதோடு என் நாக்கின் பெருமை முடிந்தது. கிணற்றை மூடினார்கள். அந்தக் கோடை முழுக்கத் தெரு இரண்டு தெரு தள்ளிப் போய்த் தண்ணீர் எடுத்தது. போகிறபோதெல்லாம் பெண்கள் என் வாசலில் நின்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே குழிக்குச் சிமெண்ட் பூசினார்.

கிணற்றை மூடிய மறுநாளே மேப்பு சார் வந்திருந்தார். மோர் வந்தது. பாதி குடித்துவிட்டு, கன்னியம்மா உள்ளே போனதும் சொன்னார்:

"நான் ஒட்டற நூலு ரெண்டு இழ. நீ ஒட்டினது மூணு இழ."

என் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"தெரிஞ்சிக்கினேவா சார் என்ன எறங்கச் சொன்னீங்கோ?"

"காயிதத்த ஏமாத்துவ. தண்ணிகிட்ட பொய் சொல்ல மாட்ட. அது எனக்குத் தெரியும்."

மீதி மோரை என் தம்ளரில் ஊற்றிவிட்டு எழுந்து போனார்.

அதற்கப்புறம் அவர் வரைந்தார், நான் இறங்கினேன். ஐந்து வருஷம். ஒரு புரட்டாசியில் அவர் போய்விட்டார். மகன் காகிதங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட எடுத்தான். நான் வாங்கி வந்துவிட்டேன். மேப்பு பார்க்க எனக்கு இன்னும் சரியாக வராது. ஜன்னலில் தலைகீழாக ஒட்டிவிட்டு, கன்னியம்மா சொன்ன பிறகு திருப்பியிருக்கிறேன்.

அவர் போன பிறகு நான் நூல் நனைத்து ஒட்டிய கிணறுகள்: நாற்பத்தொன்று.