இரண்டு சேவியர், ஒரே ஓலை

அரைகுறைப் படிப்புக்காரன் கையில் சிவப்பு மையைக் கொடுக்கக் கூடாது. என் கையில் கொடுத்தார்கள். சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய மிதப்பில், பாம்பன் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் பங்குச் சாமியாருக்கு எழுத்து வேலை பார்த்தேன் (சம்பளத்தைவிட மிடுக்கு அதிகம்).

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள்; இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. அந்த முறை வந்த சீட்டுகளில் ‘சூசை மகன் சேவியர், அந்தோணி மகள் மரியாள்’ என்று இரண்டு இருந்தன. யாரோ மறதியில் இரண்டு தடவை கொடுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, ஒன்றை அடித்தேன். எங்கள் கரையில் ‘சேவியர்’ என்று கூப்பிட்டால் நாலு வள்ளம் திரும்பும் என்பது அந்த மேதைக்குத் தோன்றவில்லை.

கல்யாணத்தன்று வடக்கிலிருந்து ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. தெற்கிலிருந்தும் ஒன்று வந்தது. சங்கு குளிக்கிற சேவியர் ஒருவர். நெட்டைச் சேவியர் இன்னொருவர்.

“ஓலையில ஒரு சேவியருதான இருந்தான்?” என்று சாமியார் என்னைப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு ஒண்ண எடுத்துட்டேன் சாமி.”

“எடுத்தது என்னையவா, இவனையவா?” என்றார் சங்குச் சேவியர். எனக்கே தெரியாது.

ஓலை வாசிக்காமல் கல்யாணம் இல்லை. புதன்கிழமை தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணமே கிடையாது. “அங்கன கறி கொதிக்குது சாமி. ஈஸ்டருக்கு எவன் திங்கிறது?” என்றார் நெட்டைச் சேவியரின் அப்பா. இரண்டு மணப்பெண்களும் அழ ஆரம்பித்தார்கள். பாம்பன் பாலத்துத் தண்டவாளத்தில் ஓடினால் அக்கரையிலுள்ள மண்டபம் ஊருக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று நான் யோசித்தேன்.

சாமியார் கூட்டத்தைப் பார்த்தார். “மூணு வாரமும் நான் வாசிச்சது எந்தச் சேவியருன்னு நெனச்சீக?”

“சங்குச் சேவியரு” என்றது வடக்குக் கூட்டம். “நெட்டச் சேவியரு” என்றது தெற்கு.

“அப்ப ரெண்டு பேருக்கும் வாசிச்சாச்சு. யாரும் தடையும் சொல்லல. உள்ள வாங்க.”

எனக்குப் போன உயிர் திரும்பியது. சாமியார் திரும்பி நின்று, “இந்தப் பயல மட்டும் தாலித் தட்டுப் பக்கம் விடாதீக. அதுல ரெண்டு இருக்கு” என்றார். அழுதுகொண்டிருந்த மணப்பெண்களே சிரித்துவிட்டார்கள். அன்று இரண்டு வீட்டுக் கறியும் சாப்பிட்டேன்.

பிற்பாடு எனக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். பார்க்க வந்த சங்குச் சேவியர் தொட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு என் மனைவியிடம், “தங்கச்சி, இவன இங்கன தனியா விட்டுட்டு எங்கயும் போயிராத” என்றார். அந்தப் பெண்கள் பாட்டிகளாகிவிட்டார்கள். இன்றும் என்னை ஒரு நிமிடம் வீட்டில் விட்டுப் போனால், திரும்பி வந்ததும் இருவரும் என் முன்னால் வரிசையாக நின்று ‘ஒண்ணு, ரெண்டு’ என்று தங்களையே எண்ணிக் காட்டுகிறார்கள்.