அழகுபாண்டி கை நனைத்த கதை

பெண் வீட்டு நடுக்கூடத்தில், எல்லாரும் பார்க்க, அழகுபாண்டியின் தொப்பை கழன்று கீழே விழுந்தது.

அது தொப்பை இல்லை, பூப்போட்ட குளியல் துண்டு. காலையில் ஒத்தக்கடை வீட்டில் அவரே நாலாக மடித்து, இடுப்பைச் சுற்றிக் கட்டி, மேலே பழைய சட்டையை மாட்டிக்கொண்டது. “நழுவிரும்ங்க” என்று மனைவி தாமரைச்செல்வி சொன்னாள்.

“என் வயிறு எனக்குத் தெரியும்” என்றார்.

இரண்டு மாதத்துக்கு முன்புவரை தெரியும் என்பதுதான் உண்மை. அப்போதுதான் கே.கே. நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவருடைய இரைப்பையைக் கோழிமுட்டை அளவுக்கு வெட்டிச் சுருக்கி, குடலோடு குறுக்குவழியில் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். நூற்று முப்பத்தெட்டுக் கிலோ, நூற்றுப் பதினாறாகிவிட்டது.

விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். சொந்தபந்தத்துக்கெல்லாம் ‘கோயம்புத்தூர்ல ஆபீஸ் ட்ரெயினிங்’. எந்தக் கிடாவெட்டிலும் முதல் பந்தியில் உட்கார்ந்து கடைசிப் பந்தியோடு எழுந்திருக்கிற மனிதர் அவர். ‘வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டிக்கிட்டான்’ என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அப்புறம் எந்தப் பந்தியில் தலை காட்டுவது?

இன்றைக்கு வாடிப்பட்டியில், அக்கா மகன் முத்துக்குமரனுக்குப் பெண் பேசி முடிக்கிற நாள். எல்லாம் பேசியாகிவிட்டது. பாக்கி ஒன்றுதான். பெண் வீட்டுச் சோற்றில் மாப்பிள்ளையின் தாய்மாமன் முதலில் கை நனைக்க வேண்டும். நனைத்தால் சம்பந்தம். சாப்பிடாமல் இலையை மடக்கினால், வந்த வழியே காரைத் திருப்ப வேண்டியதுதான். பயலோ பெண்ணைப் பார்த்த நாளிலிருந்து சுவரைப் பார்த்தெல்லாம் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

பெண்ணைப் பற்றி அக்கா அன்னக்கொடி போனில் விலாவாரியாகச் சொல்லித்தான் இருந்தாள். அது ஆபரேஷனுக்கு மறுநாள். மயக்கம் தெளியாத அழகுபாண்டி எல்லாவற்றுக்கும் ‘சரிக்கா, சரிக்கா’ போட்டார். சுபலட்சுமி என்ற பேருக்கு மேல் ஒன்றும் தலையில் நிற்கவில்லை.

“என்னண்ணே இது?” என்று துண்டை எடுத்து நீட்டினார் பெண்ணின் அப்பா மலையாண்டி.

“முதுகுவலி. இறுக்கிக் கட்டச் சொல்லியிருக்காரு டாக்டரு.”

“முதுகா? அட, எலும்புக்கு எலும்புதாண்ணே மருந்து!” உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “அண்ணனுக்கு நல்லி எலும்பு அம்புட்டையும் கொண்டாங்க!”

பந்தியில் முதல் இலை அவருக்கு. மறுபடி ஓர் ஆடாக எழுந்து நிற்கிற அளவுக்கு அதில் எலும்பு குவிந்தது. அழகுபாண்டி அடுத்த பொய்யை அவிழ்த்தார்.

“ஞாயித்துக்கிழமை நான் கவுச்சி தொடுறதில்ல. அழகர்கோயிலுக்கு வேண்டுதல்.”

“எப்ப இருந்துடா?” என்றாள் பக்கத்து இலையில் இருந்த அன்னக்கொடி.

“இப்ப இருந்துதான்... இல்லக்கா, போன மாசத்துல இருந்து.”

“சாமி காரியமா? முன்னாடியே சொல்லக் கூடாதாண்ணே!” மலையாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். இலை மாறியது. புது இலையில் நெய் வடிய வடிய, யானைமலையைப் போல ஒரு கேசரி வந்து உட்கார்ந்தது. துணைக்கு நாலு அதிரசம்.

அழகுபாண்டிக்கு வேர்த்தது. கறியிலாவது ஒரு துணுக்கு மென்று சமாளிக்கலாம். இனிப்பு ரெண்டு வாய் உள்ளே போனால் நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும், அப்புறம் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று சம்பந்தி வீட்டில் ஓடித் தேட வேண்டியிருக்கும். பந்தியில் இருபது பேர் இலையில் கை வைக்காமல் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் சுபலட்சுமி வந்தாள். கேசரி இலையை எடுத்தாள். வேறு இலை விரித்து, ஒரு சின்னக் கிண்ணியில் குழைந்த தயிர்ச்சோற்றை வைத்தாள். மூன்று ஸ்பூன் தேறும்.

“நல்லா மென்னு சாப்பிடுங்க சார்” என்றாள்.

சொல்லிவிட்டு, அவர் கை நீட்டிய தண்ணீர் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினார். திரும்பி வந்து அதையும் எடுத்தாள். அன்னக்கொடி தன் டம்ளரைத் தம்பி பக்கம் நகர்த்தினாள். அதுவும் போயிற்று.

அழகுபாண்டிக்குச் சுருக்கென்றது. மூன்று ஸ்பூன்தான் அவரால் முடியும். ஆனால் நாமாக வேண்டாம் என்பது வேறு, அடுத்தவர் அளந்து வைப்பது வேறு.

அன்னக்கொடி எழுந்துவிட்டாள். “என்ன வீடுய்யா இது? தாய்மாமனுக்குக் கிண்ணியில சோறு! வாய் நிறைய மாமான்னு ஒரு வார்த்தை இல்ல, சாராம்ல, சாரு! குடிக்கிற தண்ணியப் பிடுங்கிட்டுப் போறா. எந்திரிடா முத்து!”

முத்துக்குமரன் பாதி எழுந்தான். மீதிப் பாதிக்கு அவன் கால் ஒத்துழைக்கவில்லை.

“ஏன்டி இப்பிடிச் செஞ்ச?” மலையாண்டி கரண்டியோடு மகளிடம் ஓடிவந்தார்.

சுபலட்சுமி அழகுபாண்டியை ஒரு பார்வை பார்த்தாள். “நான் சொல்லக் கூடாதுப்பா.”

அழகுபாண்டி மருமகனின் முகத்தைப் பார்த்தார். ஒன்றாம் வகுப்பில் பலூன் வெடித்தபோது வைத்திருந்த அதே முகம். அதற்கு மேல் அவரால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

“உக்காருக்கா. இந்த வீட்டுல ஒரு குறையும் இல்ல. குறைஞ்சதெல்லாம் இங்கதான்.”

வயிற்றில் அஞ்சு தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன.

“இரைப்பையை வெட்டித் தச்சிருக்கேன். கோழிமுட்டை அம்புட்டுதான் இருக்கு.”

“அடப்பாவி! கோயம்புத்தூரு ட்ரெயினிங்கு?”

“பட்டினி கிடக்குற ட்ரெயினிங்தான்க்கா.”

பந்திக் கடைசியில் யாரோ சிரித்தார்கள். “வாயைக் கட்ட முடியாம...”

“ஆமாய்யா, கட்ட முடியல, வெட்டிக்கிட்டேன்!” அழகுபாண்டி திரும்பினார். “நூத்தி முப்பத்தெட்டு கிலோவ மாடிக்குச் சொமந்தது நீயா? மூச்சு முட்டி உக்காந்துக்கிட்டே தூங்குனது நீயா? இப்ப நானே குனிஞ்சு என் செருப்ப மாட்டுறேன். பதினஞ்சு வருசம் கழிச்சு என் கால் விரல நானே பாத்தேன்யா! சிரிக்கிறவன் நல்லாச் சிரி. எனக்கு மூணு ஸ்பூன்தான் இறங்கும். மூணு ஸ்பூனும் கை நனைச்சதுதான்!”

கிண்ணிச் சோற்றை இலையில் கவிழ்த்து, விரலால் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். டாக்டர் சொன்னபடி இருபத்தைந்து முறை மென்றார். இருபது பேரும் காத்திருந்தார்கள். கடைசியில் விழுங்கினார். முத்துக்குமரன் தொப்பென்று உட்கார்ந்தான்.

அன்னக்கொடி உட்காரவில்லை. “சரி, சோத்துக் கணக்கு முடிஞ்சது. தண்ணிக்குப் பதில் வேணும். பகையாளிக்குக்கூடத் தண்ணி இல்லன்னு சொல்ல மாட்டாங்க.”

அழகுபாண்டிக்கும் அந்த இடம் இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. “நேராச் சொல்லும்மா. கோவிச்சுக்க மாட்டேன். என் தண்ணிய ஏன் எடுத்த?”

“இப்ப நீங்களே சொல்லிட்டீங்க, இனி நான் சொல்லலாம்” என்ற சுபலட்சுமி, மாஸ்க் போட்டதுபோல மூக்கையும் வாயையும் உள்ளங்கையால் மூடிக்காட்டினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, கூடமே அதிர ஓர் அதட்டல் போட்டாள்.

“சாப்பிடுறப்ப தண்ணி குடிக்கக் கூடாதுன்னு டிஸ்சார்ஜ் அன்னைக்கு மூணு தடவ சொன்னேன்ல? அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கும் கேக்கல, பதினாலாம் நம்பர் பெட்!”