யகீன் காக்கா தொட்ட தோள்

காத்தான்குடியில் கண்ணால் கண்டதையும் நம்பாத ஒரே மனிதர் யகீன் காக்காதான். தொழில் நெசவு; மற்ற நேரமெல்லாம் சந்தேகம். யகீன் என்றால் உறுதி. அதற்கு மூன்று படிகள் உண்டென்று எந்த ஆலிமிடமோ கேட்டிருந்தார்: கேட்டு அறிவது, கண்டு அறிவது, பட்டு அறிவது. முதல் இரண்டையும் அவர் மதித்ததே இல்லை. கந்தூரி விருந்தில் உட்கார்ந்தால் சொல்வார்:

“வாசம் இல்முல் யகீன். சஹன்ல சோத்தக் கண்டா ஐனுல் யகீன். வயித்துக்குள்ள போனாத்தான்டா ஹக்குல் யகீன்!”

அந்தக் கடைசி யகீனை மூன்று தடவையாவது உறுதிப்படுத்திக்கொண்டுதான் எழும்புவார்.

ஒரு மாரியில், ஊரார் ஆறு என்று சொல்லும் வாவிக்கு இரவு மீன்பிடிக்கப் போன அசனார் திரும்பவில்லை. விடிந்தபோது தோணி மட்டும் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. ஊர் முடிவுகட்டிவிட்டது. அசனாரின் பெண்சாதி பாத்தும்மாவுக்கு அப்போது ஏழு மாதம். விதவைகள் தனித்திருக்கும் இத்தாவில் அவளை இருத்தப் பெண்கள் வெள்ளைத் துணியோடு வந்தார்கள்.

காக்கா வாசலை மறித்தார்.

“தோணி கவுண்டதக் கண்டீங்க. ஆள் மௌத்தானதக் கண்டது ஆரு? அவன் உசிரோட போனது யகீன். உங்களுக்கு வந்திரிக்கிறது சந்தேகம். சந்தேகத்தால யகீன உடைக்க ஏலா!”

“காக்கா, ஆத்துல முதலை கிடக்கே,” என்றேன்.

“முதலைட்ட விசாரிச்சீங்களா, வாத்தியார்?”

பாத்தும்மா துணியைத் தொடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆற்றங்கரைக்குப் போனோம். வாவி முழுக்கப் பனிப்புகார். அது சற்றே விலகிய இடத்தில், இடுப்பளவு நீரில் அசனார் நின்றான். எங்களைப் பார்த்தபடி. கூப்பிட்டோம். இமை அசையவில்லை. அவனைச் சுற்றி நீரும் அசையவில்லை.

“ஜின்!” என்றது ஒரு குரல்.

நான் தர்க்கம் படித்தவன். என் கால்கள் படிக்கவில்லை. ஒரு தென்னைக்குப் பின்னால் போய் நின்றுதான் ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினேன். பாதியில் மறந்துபோயிற்று.

காக்கா சாரனை மடித்துக் கட்டினார். “கேட்டாச்சு, கண்டாச்சு,” என்று இறங்கினார். நீந்தத் தெரியாத மனிதர். புகார் இருவரையும் மூடியது. சளக் சளக்கென்ற சத்தமும் நின்றது. வெகுநேரம் ஒன்றுமே இல்லை.

“தோளப் பிடிச்சிட்டன்! உசிர்ச் சூடு இரிக்கி! தோணியக் கொண்டு வாங்கடா!”

நீருக்குள் நட்டிருந்த மீன்கூட்டுக் கம்புகளைக் கட்டிப்பிடித்தபடி விறைத்துப்போயிருந்தான் அசனார். வெள்ளைத் துணி அவனைத் துவட்ட உதவியது.

மூன்றாம் நாள் அவனுக்குப் பேச்சு வந்தது.

“காக்கா, ராவெல்லாம் என்ட தோளப் பிடிச்சிட்டு நிண்டீங்களே, உங்களுக்குக் குளிரல்லையா?”

காக்கா நீரில் இறங்கியது விடிந்த பிறகு.

“அது நானில்ல, மனெ.”

“அப்ப ஆரு?”

“தெரியாது.”

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நான் கேட்டது அன்றுதான்.

அதன்பிறகு நாள்தோறும் அஸர் தொழுதுவிட்டு, ஆற்றங்கரையில் நின்று வெறும் நீரைப் பார்த்து ஸலாம் சொல்வார். “ஆரெண்டு தெரியா. அதுக்காக ஒரு ஸலாமும் சொல்லாம இரிக்கிறதா?”

ஊர் சிரித்தது. ஆசிரியர் அறையில் நானும் அதைச் சொல்லிச் சிரிக்கவைத்தேன். பிறகு பின்னேரமானால் போய் அவர் பக்கத்தில் நிற்பேன். ஸலாம் சொல்லிவிட்டுப் பதிலுக்காக அவர் காத்துநிற்கும் அந்தச் சிறிது நேரம், அவரைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை.